பிறர் கை வேண்டாத இணையம்: நான்கு நெறிகளுக்கு ஒரு விளக்கவுரை

பாயிரம்

இந்த உரைக்கு எடுத்துக்கொண்ட மூலம் நான்கே நெறிகள் கொண்டது. கண் தெரியாதவர், காது கேளாதவர், கை ஒத்துழைக்காதவர், படித்ததை மனத்தில் நிறுத்தத் தடுமாறுபவர் என எல்லோருக்கும் ஓர் இணையதளம் பயன்பட வேண்டுமானால் அது எப்படி இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட ‘இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி’ முழுவதும் இந்த நான்கின் மேல்தான் நிற்கிறது. அதன் முதல் பதிப்பு 1999 மே 5 அன்று வந்தது. அன்றைய தொழில்நுட்பத்தோடு அது மிகவும் ஒட்டிக்கொண்டிருந்ததால் சீக்கிரமே பழையதாயிற்று. 2008 டிசம்பர் 11 அன்று வந்த இரண்டாம் பதிப்பில்தான் நான்கு நெறிகள் என்ற அமைப்பு பிறந்தது. பிறகு 2018-இல் 2.1, 2023 அக்டோபர் 5 அன்று 2.2 என்று அது வளர்ந்தது. இன்றைய பதிப்பில் நான்கு நெறிகளின் கீழ் 13 வழிகாட்டுதல்களும், சோதித்துப் பார்க்கத்தக்க 86 விதிகளும் உள்ளன. விதிகள் பதிப்புக்குப் பதிப்பு கூடின. நெறிகள் மாறவில்லை. ஆகவே நெறிகளை முன்னிறுத்தி, அவற்றுக்குத் துணையாக வேண்டிய விதிகளை மட்டும் எடுத்து இந்த உரை செல்கிறது.

மூலத்தைப் படிக்கிறவர் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரக்கம், சேவை, கருணை என்ற பேச்சு நெறிகளில் எங்கும் கிடையாது. ‘பயனர்’ என்று மட்டுமே அவை பேசுகின்றன. என் வாசிப்பில் இந்த மூலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தன் வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை அடுத்த வீட்டுப் பையன் வாசித்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்தக் கணக்கு முழுதாகத் தன்னுடையது என்று ஒருவர் எப்படிச் சொல்வார்? ரத்தப் பரிசோதனை முடிவை, வேலைக்கான விண்ணப்பத்தை, விவாகரத்து மனுவின் நிலையை இன்னொருவர் கண் வழியாகவே பார்க்க நேர்வது எவ்வளவு பெரிய இழப்பு! கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பிறரிடம் ஒப்படைக்கும்போதெல்லாம் பணத்தோடு அந்தரங்கமும் கைமாறுகிறது. அணுகத்தக்க இணையதளத்தால் என்ன பயன் என்று கேட்டால், தன் வேலையைத் தானே, தனியே முடித்துக்கொள்ள முடிவதுதான் முதல் பயன். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இது சிலருக்கான விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலகில் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேருக்கு ஒருவர், குறிப்பிடத்தக்க மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்புக்குப் பின் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய சட்டம் ஏற்ற ஏழு வகைகளை 21 ஆக விரித்தது. பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது தவறு.

முதல் நெறி: உணரத்தக்கதாக இருத்தல்

மூலத்தின் பொருள்: தளத்தில் உள்ள தகவலும், பட்டன், படிவம் முதலான கூறுகளும் பயனர் தம் புலன்களால் உணரக்கூடிய வகையில் தரப்பட வேண்டும்.

பார்வையற்றவர் இணையத்தைப் படிப்பது திரை வாசிப்பான் என்ற மென்பொருளின் துணையால். பார்வையற்ற நிரலாளரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ இன்று உலகம் முழுவதும் விலையில்லாமல் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் கூடவே வருகின்றன. இவை திரையில் தெரிகிற காட்சியைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் பின்னால் இருக்கிற குறியீட்டை வாசித்துக் குரலாக்குகின்றன. ஆகவே கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவதெல்லாம் திரை வாசிப்பானுக்கு எழுத்தாகிவிடாது. எழுத்து உள்ளே எழுத்தாகவே இருக்க வேண்டும். முதல் நெறியின் கீழ் வரும் முதல் விதியே, படத்துக்கு ஈடான சொல் வடிவம் வேண்டும் என்பதுதான்.

‘ஈடான’ என்று மூலம் சொல்வதை அழுத்திப் படிக்க வேண்டும். ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பைப் படமாக ஏற்றிவிட்டு, அதற்கு மாற்றுரையாக ‘அறிவிப்பு’ என்று ஒரு சொல்லை எழுதினால் விதி நிறைவேறிவிடாது. அந்தப் படத்தில் கடைசித் தேதி இருந்தால் அந்தத் தேதி வேண்டும். கட்டணம் இருந்தால் கட்டணம் வேண்டும். மாறாக, பக்கத்தின் ஓரத்தில் அழகுக்காக வரைந்த பூவேலைக்கு வருணனை எழுதத் தேவையில்லை. அதைத் திரை வாசிப்பான் தாண்டிப் போகும்படி வெறுமையாக விட்டுவிட மூலமே இடம் தருகிறது. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்ற பகுத்தறிவு இங்கே எழுதுபவர் கையில் இருக்கிறது. எந்த மென்பொருளும் அதை முழுதாகச் செய்துவிடும் என்று நான் நம்பவில்லை.

இந்த விதி தமிழுக்கு வரும்போது ஒரு தனிச் சிக்கலைச் சந்திக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். பாமினி அவற்றில் பெயர் பெற்றது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா என்றே தெரியும். உள்ளே இருப்பவையோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். கண் உள்ளவருக்குக் குறையொன்றும் தெரியாது. திரை வாசிப்பானோ உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். கேட்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. தேடுபொறியிலும் அந்தப் பக்கம் ‘அம்மா’ என்று தேடினால் அகப்படாது. இப்படிப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகி, பிடிஎஃப் ஆக மாறி, தளங்களில் ஏற்றப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் ஏராளம். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ் 16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதற்குப் பின்னும் பழைய எழுத்துருவில் அச்சடித்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றும் வழக்கம் பல அலுவலகங்களில் தொடர்கிறது. ஸ்கேன் செய்த பக்கம் திரை வாசிப்பானுக்கு வெறும் படம். அதில் ஓர் எழுத்தும் இல்லை.

மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் எழுத்து வடிவில் ஏற்றியது. பின்னர் ஒருங்குறிக்கும் மாறியது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியே தொடங்கிய திட்டம் அன்று அது. ஆனாலும் எழுத்தை எழுத்தாகவே வைத்த காரணத்தால், பார்வையற்ற தமிழ் மாணவர் ஒருவர் நள்ளிரவில் யாரையும் எழுப்பாமல் சங்க இலக்கியத்தைக் காதால் படிக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் ஆராய்ச்சியாளர் ஒரு சொல்லை நூல் நூலாகத் தேட முடிகிறது, சொல்லடைவு செய்ய முடிகிறது. அணுகத்தக்கதாகச் செய்வதன் பயன் ஓரிடத்தில் நிற்காது என்பதற்கு நம் மொழியிலேயே இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தின் அமைப்பும் உணரத்தக்கதாக வேண்டும் என்கிறது மூலம். தலைப்பைத் தடித்த பெரிய எழுத்தில் போட்டால் கண் அதைத் தலைப்பு என்று கண்டுகொள்கிறது. குறியீட்டிலும் அது தலைப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால்தான் திரை வாசிப்பான் அதை அறியும். அப்படிக் குறித்திருந்தால், என்விடிஏ வைத்திருப்பவர் ஒரே விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவி, வேண்டிய இடத்தில் நின்று படிக்கலாம். குறிக்காவிட்டால் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை வரி விடாமல் கேட்டுத்தான் ஆக வேண்டும். அட்டவணைக்கும் இதே கதிதான். தேர்வு முடிவுப் பட்டியலில் 78 என்ற எண் எந்தப் பாடத்துக்குரியது என்பதை, நெடுவரிசைத் தலைப்பு சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அவர் அறிவார்.

நிற வேறுபாடு பற்றிய விதியில் ஓர் எண் வருகிறது: எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. மெல்லிய சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடுவது இன்றைய வடிவமைப்பு மோகம். பல இடங்களில் அது 3-ஐக்கூட எட்டுவதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதிக்கிறது. 2025-இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் விதிமீறல் கண்டது. அவற்றுள் முதலிடம் மங்கிய எழுத்துக்கே: 79.1 விழுக்காடு. இந்தக் குறையைத் திருத்தச் செலவு ஏதும் இல்லை, நிற எண் ஒன்றை மாற்றினால் போதும் என்பதுதான் மனத்தை வருத்துகிறது. திருத்தினால் கண்புரை உள்ள பெரியவருக்குப் பயன். சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் போனைப் பார்க்கும் எல்லோருக்கும் பயன்.

காணொளிக்கு எழுத்துரை வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். காது கேளாதவருக்கு அது இன்றியமையாதது. அதையே குழந்தை தூங்குகிற வீட்டிலும், இரைச்சல் மிகுந்த ரயில் பெட்டியிலும் எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஒன்று மட்டும்: தானாக உருவாகும் எழுத்துரையைத் திருத்தாமல் விட்டுவிடக் கூடாது. மருந்தின் அளவோ நீதிமன்றத் தேதியோ அதில் தவறாக விழுந்தால், காதால் கேட்டுச் சரிபார்க்க முடியாதவர் அதையே உண்மையென்று கொள்வார்.

இரண்டாம் நெறி: இயக்கத்தக்கதாக இருத்தல்

மூலத்தின் பொருள்: தளத்தின் கூறுகளையும் வழிசெலுத்தலையும் பயனர் தம்மால் இயன்ற முறையில் இயக்க முடிய வேண்டும்.

இதன் அடிப்படை, எல்லாவற்றையும் விசைப்பலகையால் செய்ய முடிய வேண்டும் என்ற விதி. மவுஸைப் பிடிக்க நுண்ணிய கை அசைவு வேண்டும், கண் பார்வையும் வேண்டும். தண்டுவடக் காயம்பட்டவர், நடுக்குவாதம் உள்ளவர், வாயில் பிடித்த குச்சியால் தட்டுபவர், ஒற்றைச் சுவிட்சால் இயக்குபவர் எனப் பலருக்கும் அது இயலாது. ஸ்டீபன் ஹாக்கிங் தம் இறுதி ஆண்டுகளில் கன்னத் தசையின் அசைவு ஒன்றைக் கொண்டே கணினியை இயக்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் விசைப்பலகை வழியே நுழைகின்றன. அந்த வழி திறந்திருந்தால், இனி வரப்போகிற கருவிகளுக்கும் இடம் இருக்கும். விசைப்பலகையில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது தெரிய வேண்டும் என்பது இதன் துணை விதி. பட்டனைச் சுற்றி வரும் கோடு அழகைக் கெடுக்கிறது என்று அதை நீக்கிவிடும் வடிவமைப்பாளர்கள் பலர். கோடு போனால் விசைப்பலகைக்காரருக்குத் தாம் நிற்கும் இடம் தெரியாமல் போகிறது.

நேர வரம்பு பற்றிய விதி நம் நாட்டுக்கு மிகவும் வேண்டியது. படிவத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது ‘உங்கள் நேரம் முடிந்தது’ என்று தளம் வெளியே தள்ளிவிடுகிறது. திரை வாசிப்பானில் கேட்டுக் கேட்டு நிரப்புபவருக்கு மற்றவரைவிட நேரம் கூடுதலாகத் தேவை. மூலம் கேட்பது சிறிய சலுகைதான்: நேரம் முடியுமுன் எச்சரிக்க வேண்டும், ஒரு விசையைத் தட்டி நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி தர வேண்டும், அப்படிப் பத்து முறையாவது நீட்டிக்க விட வேண்டும். ஏலம் போல நேரமே உயிரான வேலைகளுக்கு விலக்கு உண்டு. பாதுகாப்புக்காகத்தான் நேர வரம்பு வைத்தோம் என்று தடை சொல்பவர்கள் இருப்பார்கள். வரம்பையே எடுத்துவிடச் சொல்லவில்லை மூலம். ‘இன்னும் இருக்கிறீர்களா?’ என்று கேட்கச் சொல்கிறது, அவ்வளவே. கேட்பதால் பாதுகாப்பு எந்த விதத்திலும் குறையாது.

இதே நெறியின் கீழ், நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் காட்சி கூடாது என்ற விதி இருக்கிறது. இது வசதியைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் போகிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் வலிப்பு, மயக்கம் முதலிய காரணங்களால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விளம்பரம் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று மின்னவிடுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் நெறி: புரியத்தக்கதாக இருத்தல்

மூலத்தின் பொருள்: தகவலும், தளத்தை இயக்கும் முறையும் பயனருக்குப் புரிய வேண்டும்.

பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று குறியீட்டில் அறிவிக்க வேண்டும் என்பது இதன் முதல் விதி. பார்வைக்குத் தெரியாத ஒரு சின்னக் குறிப்பு அது. தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலம் என்று குறித்துவைத்தால், ஆங்கிலக் குரல் தமிழை உளறும். சில குரல்கள் தமிழ் எழுத்துகளைச் சத்தமே இல்லாமல் தாண்டிவிடும். வார்ப்புருவை ஆங்கிலத் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டு மொழிக் குறிப்பை மாற்ற மறந்துவிடுவதால் வரும் கோளாறு இது. ஒரு வரியில் திருத்தம் முடிந்துவிடும்.

படிவத்தில் பிழை நேர்ந்தால், எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்பதைச் சொல்லால் சொல்ல வேண்டும் என்கிறது மற்றொரு விதி. கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டு நின்றுவிட்டால், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் பார்வையற்றவருக்கும் அது எட்டாது. ‘பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதவும்’ என்று எழுதிக் காட்டினால், அவர்களுக்கும் விளங்கும், முதல் முறை இணையத்தில் விண்ணப்பிக்கிற கிராமத்து மாணவிக்கும் விளங்கும். பணம், சட்டம் தொடர்பான செயல்களில், உறுதி செய்யுமுன் திரும்பிப் பார்த்துத் திருத்தவோ பின்னர் ரத்து செய்யவோ வழி வேண்டும் என்றும் மூலம் சொல்கிறது. கை நடுங்கித் தவறான பட்டனைத் தொட்டவரின் சேமிப்பைக் காக்கிற விதி இது.

இனி, பலரும் நொந்துபோகிற இடத்துக்கு வருவோம்: உள்நுழைவு. கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சா, மனிதரையும் எந்திரத்தையும் பிரித்தறிய வந்தது. பார்வையற்ற மனிதரை அது எந்திரத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. முதல் நெறியிலேயே, கேப்ட்சா இருந்தால் வேறொரு புலனுக்குரிய வடிவமும் வேண்டும் என்ற விதி உண்டு. ஆகவே சில தளங்கள் ஒலி வடிவம் தருகின்றன. கண்ணும் காதும் ஒருசேர இழந்தவருக்கு அதுவும் பயன்படாது. உள்நுழைவுக்கென்றே 2.2 பதிப்பு ஒரு புதிய விதி சேர்த்தது: உள்நுழைய நினைவாற்றலையோ புதிர் விடுவிக்கும் திறனையோ மட்டும் நம்பிய சோதனை வைக்கக் கூடாது, மாற்று வழி வேண்டும். கடவுச்சொல்லை ஒட்ட விடாமல் தடுப்பது இந்த விதிக்கு மாறானது. ஆனால் இங்கே மூலத்தில் ஒரு தளர்ச்சி இருப்பதாக நான் கருதுகிறேன். படங்களில் பேருந்து எது, சிக்னல் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனையை தான் வகுக்கும் மூன்று இணக்க நிலைகளில் நடுத்தர நிலையில் அது அனுமதிக்கிறது. உயர்நிலையில் மட்டுமே விலக்குகிறது. உரைகாரன் மூலத்தோடு மாறுபடலாம் என்ற மரபை நம்பிச் சொல்கிறேன்: இந்த அனுமதி கூடாது.

கண் சிமிட்டச் சொல்லும் சோதனையையும் இங்கேதான் பேச வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு இணையவழியில் வந்தபோது, எதிரே இருப்பவர் உயிருள்ள மனிதர்தானா என்று அறியக் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவரால் சிமிட்ட முடியாது. பார்வையற்றவரால் முகத்தைச் சட்டத்துக்குள் சரியாக நிறுத்த முடியாது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும், பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். பிரக்யா பிரசுன் எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. மின்னணு வசதியை அணுகுவது, அரசமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது தீர்ப்பு. 20 ஆணைகளையும் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்றான சோதனை முறைகள் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ‘புரியத்தக்கது’, ‘இயக்கத்தக்கது’ என்று பொறியாளர்களின் ஏட்டில் இருந்த நெறி இந்தத் தீர்ப்பால் குடிமகனின் உரிமையாக நிலைபெற்றது.

நான்காம் நெறி: உறுதியாக இருத்தல்

மூலத்தின் பொருள்: உதவிக் கருவிகள் உட்படப் பலவகை மென்பொருள்களும் நம்பத்தக்க வகையில் பொருள்கொள்ளும் அளவுக்கு உள்ளடக்கம் உறுதியாக அமைய வேண்டும்.

பட்டன் என்றால் அது பட்டன் என்பதும், அதன் பெயரும், அது அழுத்தப்பட்டிருக்கிறதா இல்லையா என்ற நிலையும் குறியீட்டிலிருந்து தெரிய வேண்டும். இந்த நெறியின் முக்கியமான விதி இவ்வளவுதான். பெட்டி ஒன்றை வரைந்து நிறம் பூசிப் பட்டன் போலக் காட்டினால், திரை வாசிப்பான் அதைப் பட்டன் என்று சொல்லாது. பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு போலிப் பட்டன் இருந்தால், அதுவரை அரை மணி நேரம் தானே செய்துவந்தவர் அங்கே நின்று இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். பழைய பதிப்பில் இதன்கீழ் இருந்த, குறியீட்டின் இலக்கணம் பற்றிய விதி ஒன்று 2.2-இல் நீக்கப்பட்டுவிட்டது, உலாவிகள் அத்தகைய பிழைகளைத் தாமே சமாளிக்கத் தேறிவிட்டன என்பது காரணம். தேவை தீர்ந்த விதியைக் கைவிடும் நேர்மை இந்த மூலத்துக்கு உண்டு.

ஒரு வரிக் குறியீட்டைச் சேர்த்தால் தளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்பவர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படத்தோடு ஒரு பட்டன் வரும். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். அடியில் இருக்கும் போலிப் பட்டனும் பெயரில்லாத படமும் அப்படியே இருக்கும். இவ்வகைக் கருவியை விற்கும் அக்செஸ்ஸிபீ நிறுவனம், எந்தத் தளத்தையும் வழிகாட்டிக்கு இணங்கச் செய்துவிடுவதாகச் சொன்னது பொய்யான விளம்பரம் என்று அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 10 லட்சம் டாலர் செலுத்தச் சொல்லி 2025-இல் ஆணையும் பிறப்பித்தது. நான்காம் நெறிக்கு மாற்றே கிடையாது. அடித்தளத்திலேயே சரியாகக் கட்ட வேண்டும்.

புறனடை

எந்த அளவுக்கு இணங்கினால் போதும் என்று மூலம் மூன்று நிலைகளை வகுக்கிறது. நடுத்தர நிலையையே உலக நாடுகளின் சட்டங்கள் பெரும்பாலும் கேட்கின்றன. உயர்நிலையை எட்டினாலும் எல்லா மாற்றுத்திறனாளிகளின் தேவையும், குறிப்பாக அறிதல், மொழி, கற்றல் தொடர்பான தேவைகள், தீர்ந்துவிடாது என்று மூலமே ஒப்புக்கொள்கிறது. ஆகவே விதிப்பட்டியலில் குறியிட்டு முடித்துவிடாமல், மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே தளத்தைச் சோதிக்க வேண்டும். அவர்களுடைய உழைப்புக்கு ஊதியமும் தர வேண்டும்.

செலவு என்ற தடைக்கு ஒரு பழைய வழக்கே விடை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தளத்தைத் தம்மால் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். மாற்றியமைப்பது தாங்க முடியாத சுமை என்று வாதிட்டது ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழு. ஆணையம் அதை ஏற்கவில்லை. சொன்னபடி செய்யாததால் குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. கட்டி முடித்த பின் இடித்துத் திருத்துவதுதான் செலவு. தொடக்கத்திலேயே நெறிப்படி செய்தால், தேடுபொறி எளிதில் படிக்கிற, சிறிய போனிலும் ஒழுங்காகத் தெரிகிற, முதியவரும் தடுமாறாத தளம் அதே உழைப்பில் கிடைக்கிறது.

நம் சட்டமும் இதைக் கேட்கிறது. 2016 சட்டத்தின் 46-ஆம் பிரிவு, சேவை தருபவர் அரசாயினும் தனியாராயினும் அணுகல் விதிகளுக்கு இணங்க வேண்டும் என்கிறது. ஆனால் அதன்கீழ் வந்த விதிகள் பரிந்துரைகளாகவே நின்றன. ராஜீவ் ரதுரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அவற்றுள் விதி 15-இன் முதல் உட்பிரிவு சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கும்படி ஒன்றிய அரசைப் பணித்தது. வழிகாட்டியின் நெறிகளை உள்வாங்கிய ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரமும் ஏற்கெனவே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர் தளம் கட்டுபவராக இருந்தால், மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் கொண்டு உங்கள் படிவத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை நிரப்பிப் பாருங்கள். பிறகு என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அலுவலகத்தில் கோப்பு ஏற்றுபவராக இருந்தால், ஸ்கேன் படத்தோடு ஒருங்குறியில் அமைந்த எழுத்து வடிவத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். தமிழ் இதழ் நடத்துபவராக இருந்தால், பழைய எழுத்துருவில் முடங்கிக் கிடக்கும் உங்கள் இதழ்களை ஒருங்குறிக்கு மாற்றத் தொடங்குங்கள். படங்களுக்கு மாற்றுரை எழுத ஒருவரை நியமியுங்கள். வெறும் வாசகராக இருந்தால், உங்கள் வங்கித் தளத்திலோ அரசுத் தளத்திலோ இந்த நான்கு நெறிகளில் ஒன்று மீறப்படுவதைக் கண்டதும் அவர்களுக்கு எழுதுங்கள்.